ஆடி அமாவாசைப் பந்தி

ஆடி அமாவாசை அன்று காலையிலேயே திருமூர்த்திக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. காக்காய் வரவில்லை.

மொட்டை மாடிச் சுவரில் இலை போட்டு, செத்துப்போன அப்பாவுக்குப் பிடித்த பருப்பு வடையோடு சோறு வைத்து, தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தார். எதிர் வீட்டு மாடியில் இருந்த ஒன்று அலட்சியமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்து போய்விட்டது.

"எல்லா மாடியிலயும் இன்னைக்குச் சோறுதானுங்க. அதுக்கு வயிறு நெறஞ்சிருக்கும். பாவம், விடுங்க" என்றாள் மனைவி நந்திதா.

"அதும் என்ன பண்ணும்" என்று அவரும் விட்டுவிட்டார்.

சாப்பாட்டு அண்டாக்களோடு பெருந்துறையில் கிளம்பிய வேன், காங்கேயம் பக்கத்திலிருந்த குழந்தைகள் இல்லத்துக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வருஷா வருஷம் இந்த நாளில் அப்பா பேரில் அங்கே விருந்துச் சாப்பாடு போடுவார் திருமூர்த்தி.

இந்த வருஷம் கேட்டில் புதிதாக ஒரு அரசாங்க போர்டு தொங்கியது. 'இன்று மதியம் இங்கே உணவு நன்கொடை வாங்கப்படமாட்டாது.' பக்கத்திலேயே ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தார். கயல்விழி என்று பெயர் அட்டை குத்தியிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, சோறு போடறவனைத் தடுக்கறதுக்குன்னு ஒரு ஆபீஸா?"

"இல்லங்களைக் கண்காணிக்கறது எங்க வேலைங்க. எங்க எப்போ என்ன தேவைன்னு ஜனங்களுக்குச் சொல்றதும் எங்க வேலைதானுங்க. வாரம் பூரா வெப்சைட்டுல போட்டிருந்தோமே, பாக்கலீங்களா?"

"போனை நோண்டிப் பாத்துப்போட்டுத்தான் எங்கப்பனுக்குச் சோறு போடோணுமா?"

"சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. வெள்ளகோவில்ல பெரியவங்க இல்லம் ஒண்ணு இருக்குது. இன்னைக்கு அங்க ஆருமே வரலீங்க. அங்க கொண்டு போங்க. இந்தப் புள்ளைங்களுக்குத்தான் போடோணும்னா நாளைக்கு வாங்க."

"நாளைக்குப் பாட்டிமை! அமாவாசைக்கு மறுநாள் எவனாச்சும் நல்ல காரியம் செய்வானாங்க? வெள்ளகோவில்ல எனக்கு ஆரைத் தெரியும்?"

"பசி நாள் பாத்து வர்றதில்லீங்களே."

திருமூர்த்திக்குக் கோபம் தலைக்கேறியது. நேற்று வந்த அதிகாரி தனக்குப் பாடம் எடுப்பதா?

"என்ன எதிர்பாக்கறீங்கன்னு நேராவே சொல்லிப்போடுங்க. கவர்ல வெச்சுத் தந்தர்றேன்."

கயல்விழியின் முகம் சிவந்தது. "வார்த்தையை அளந்து பேசுங்க."

"அளக்கறதாவது! யோவ் தனபாலு, வெளிய வாய்யா!"

இல்லத்தின் நிர்வாகி தனபால் வேட்டியைச் சரிசெய்தபடி ஓடி வந்தார். "மேடம், இவரு நம்ம பழைய டோனருங்க. திருப்பி அனுப்பினா அடுத்த வருஷம் வரமாட்டாருங்க..."

அதற்குள் வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டான். அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்களாய்க் குழந்தைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். கையில் இருந்த தட்டுகளில் கழுவின ஈரம் இன்னும் காயவில்லை.

"பாத்தீங்களா அம்மணி? இதுகளைப் பட்டினி போடறதுக்கா உங்களுக்கு கவர்மென்ட் சம்பளம் குடுக்குது?"

முன்னால் நின்ற சிறுமி பிரத்யுஷா தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினாள். ஏப்பம் வந்தது. வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு தனபாலிடம் மெல்லக் கேட்டாள்.

"சார், இப்ப எந்தத் தாத்தா பேரைச் சொல்லிச் சாமி கும்புடோணுங்க?"

தனபால் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பன்னா?" என்றார் திருமூர்த்தி. "இதுக்கு முன்னால யாரு பேரைச் சொன்னே, கண்ணு?"

"காத்தால டிபனுக்கு நஞ்சப்பன் தாத்தாங்க. மொதப் பந்தி கதிரேசன் தாத்தாங்க. ரெண்டாம் பந்தித் தாத்தா பேரு மறந்துபோச்சுங்க." கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தவளாய் அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள். "ஆனா நாங்க மிச்சம் வெக்க மாட்டோமுங்க. வெச்சா டோனருங்க மனசு நோகும்னு சார் சொல்லியிருக்காரு."

அவளுக்குப் பின்னால் ஒரு பொடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேவிட்டான்.

திருமூர்த்திக்குத் தனபாலின் சட்டையைப் பிடிக்கக் கை பரபரத்தது. "எங்க சாப்பாடு மட்டுந்தான்னு சொன்னியேய்யா!"

"எல்லாரும் அமாவாசை மதியந்தான் வேணும்ங்கறாங்க. நாளைக்கு வாங்கன்னா நீங்களே ஒத்துக்கலீங்களே!"



"போன அமாவாசைக்கு ரெண்டு புள்ளைங்களை ஆஸ்பத்திரியில சேத்தோமுங்க" என்றார் கயல்விழி. "மறுநாள் பாட்டிமைன்னு ஆரும் சோறு கொண்டுவரலீங்க. மத்த புள்ளைங்களுக்கு வெறும் கஞ்சி. அதுக்குத்தான் இந்த போர்டுங்க. இன்னைக்கும் நான் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பந்தி நடத்திப்போட்டாரு."

அப்போதும் திருமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. அப்பாவின் நாள். ஒரு கரண்டிச் சோற்றை அள்ளிக்கொண்டு வந்தார்.

"ஆளுக்கு ஒரே ஒரு வாய், கண்ணு. எங்கப்பனுக்காக."

பிரத்யுஷா மறுபேச்சு பேசாமல் தட்டை நீட்டினாள்.

அதுவரை வேனிலேயே இருந்த நந்திதா இறங்கி வந்து, கரண்டிக்கும் தட்டுக்கும் நடுவில் கையை வைத்தாள்.

"வண்டியை வெள்ளகோவிலுக்கு விடச் சொல்லுங்க. காத்தால காக்காய்க்குப் பாத்த பாவத்தை, இந்தப் புள்ளைங்களுக்கும் கொஞ்சம் பாருங்க."