மூன்று நாள் எண்ணெய்

"உன் ஃப்ரெண்டு குளிச்சிட்டு வரலை, ஸ்டெல்யோ."

மெரோபி கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு சொன்னாள். ஆகஸ்ட் மாத ஞாயிறு. தேவாலயத்துக்குள் மெழுகுவர்த்திகளே வெக்கை தாங்காமல் வளைந்து நின்றன.

"சும்மா இரு. சிமென்ட் லாரி ஓட்டுறவன். கொஞ்சம் வேர்வை இருக்கத்தான் செய்யும்" என்றான் அவள் கணவன் ஸ்டெல்யோஸ்.

"இது வேர்வை இல்ல. பல நாள் சேமிப்பு."

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் இக்னாதிஸ் நின்றான். பாப்பாவின் ஞானத்தந்தை. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கம்பளிக் கோட்டு. முகத்திலிருந்து வேர்வை சொட்டியது.

"கோட்டைக் கழட்டுங்கண்ணே" என்றாள் மெரோபி.

"இருக்கட்டும் தங்கச்சி. குளிருது."

"ஆகஸ்ட்லயா?"

"உள்ளுக்குள்ள குளிருது."

மெரோபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பாவுக்கு எட்டு மாதம். முன்பு ஒரு தடவை ஏதோ வாசனைப் பவுடர் பட்டு, பத்து நாள் உடம்பெல்லாம் சிவந்து கிடந்தது. அதிலிருந்து 'இயற்கை' என்று எழுதாத எதையும் மெரோபி வீட்டுக்குள் விடுவதில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தால்தான் அவளுக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

இன்றைக்கோ ஞானத்தந்தை கையால் குழந்தைக்குத் தலை முதல் கால்வரை எண்ணெய். அதற்குப் பிறகு மூன்று நாள் குளிப்பாட்டக் கூடாது. எந்த எண்ணெயோ, அதிலேயே பிள்ளை ஊற வேண்டும்.

அதனால்தான் ஏதென்ஸிலிருந்து ஒரு பச்சைப் பெட்டி வரவழைத்திருந்தாள். இயற்கை எண்ணெய், இயற்கை சோப்பு, இயற்கை க்ரீம். பெட்டி மேல் ஒரு குழந்தை பூக்களுக்கு நடுவில் சிரித்தது. எண்ணெயும் சோப்பும் ஞானத்தந்தை கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். ஆகவே பெட்டியைப் போன மாதமே இக்னாதிஸிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது அவன் பைக்குள்ளிருந்து வந்தவை: ஒரு துண்டு, செங்கல் மாதிரி ஒரு வெள்ளை சோப்பு, வாயில் துணி அடைத்த ஒரு ஊஸோ சாராயப் பாட்டில்.

"அண்ணே, என் பெட்டி எங்க?"

"கொட்டிப்போச்சு."

"எண்ணெய் கொட்டும். சோப்பு எப்படிண்ணே கொட்டும்?"

இக்னாதிஸ் யோசித்தான். "அது... கரைஞ்சு போச்சு."

"சாராயப் பாட்டில்ல எண்ணெய்! பாப்பாவுக்குப் போதை ஏறவா?"

"எங்க மரத்து ஆலிவ் எண்ணெய்தான்மா. பாட்டிலை மூணு தடவை கழுவினேன்."

ஃபாதர் அந்திமோஸ் பாட்டிலை வாங்கி முகர்ந்தார். "நல்லாத்தான் கழுவியிருக்கான்" என்றார், கொஞ்சம் வருத்தத்துடன்.

மெரோபி கணவன் காதைப் பிடிக்காத குறையாக இழுத்தாள். "வித்துட்டான், ஸ்டெல்யோ. இல்லேன்னா எவளுக்கோ குடுத்துட்டான். குளிக்காதவன் கொண்டுவந்த எண்ணெய் என் பிள்ளை மேல படாது. வேற ஆளை நிறுத்து."

அவள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். பெஞ்சுகளில் முணுமுணுப்பு எழுந்தது. இக்னாதிஸ் தரையைப் பார்த்தான். அவ்வளவு பெரிய உடம்பு, கோட்டுக்குள்ளேயே சுருங்கிப்போன மாதிரி இருந்தது.

"சண்டையை வெளியில வச்சுக்குங்க. பன்னிரண்டு மணிக்கு ஒரு கல்யாணம் இருக்கு" என்றார் ஃபாதர். "டேய், கோட்டைக் கழட்டு. சட்டைக் கையைச் சுருட்டு."

"கோட்டோடவே தடவுறேனே ஃபாதர்."

"கழட்டுறா!"

போலீஸில் பிடிபட்டவன் மாதிரி அவன் ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்து, சட்டைக் கையைச் சுருட்டினான்.

வலது கை லெஸ்வோஸ் தீவு முழுக்கத் தெரிந்த கைதான். கரடிக் கை.

இடது கையைப் பார்த்துதான் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு முடி இல்லை. மழமழவென்று வழித்திருந்தது. அதன்மேல் நீலப் பேனாவால் நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பெயர், கோணல் எழுத்தில்.

எண்ணெய். சோப்பு. க்ரீம். மூன்றும் தக்காளியாகச் சிவந்து தடித்திருந்தன.

நான்காவது, எங்க மரம். அங்கே பேனாக் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"முடியை ஏண்டா வழிச்ச?" என்றான் ஸ்டெல்யோஸ்.

"பாப்பா கையில முடியா இருக்கு? அது மாதிரி இருந்தாத்தானேடா தெரியும்."

மெரோபி மெல்ல முன்னால் வந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"எவ்வளவு ஆசையா வாங்கின. பெட்டியில அந்தக் குழந்தை வேற அப்படிச் சிரிக்குது." இக்னாதிஸ் கையைச் சொறிந்துகொண்டான். "அது அதைத் தடவிக்கலை போல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபாதர் அங்கியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

"அதெல்லாம் சரிடா. குளிக்கிறதுக்கு என்ன கேடு?"

இக்னாதிஸ் பாப்பாவைப் பார்த்தான்.

"இவளை மூணு நாளைக்குக் குளிப்பாட்டக் கூடாதில்ல ஃபாதர்? அதான், எண்ணெயைத் தடவிக்கிட்டு மூணு நாளா நானும் குளிக்கலை."

மெரோபி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, பாப்பாவை அவன் கையில் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.