கழுதை யார் மேஜையில்?

மார்கரெட் மீது புகார் எழுதி முடித்துவிட்டான் டீம் லீடர் ஹரிகிருஷ்ணன். மேனேஜருக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அனுப்பினால் அவளுக்கு இந்த வருஷம் பதவி உயர்வு கிடையாது. வேலை தங்கினாலே பெரிது.

பின்னே என்ன? செய்த காரியம் அப்படி.

மாமல்லபுரம் சாலையில் இருந்தது அந்த ஆபீஸ். அங்கே எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றுதான். ஆனால் அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும். ஆளாளுக்கு எழுதியதைச் சேர்த்து, தினமும் மதியம் மூன்று விதமாகக் கட்டித் தருவதற்குப் பெயர் ‘பில்ட்’. எந்த மெஷினில் எது எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் செட்டிங்ஸ் கோப்பு மார்கரெட்டின் பொறுப்பு.

யாராவது தப்பாக எழுதி பில்ட் நின்றுபோனால், அதாவது ‘உடைந்தால்’, உடைத்தவர் பெயரோடு நாற்பது பேருக்கும் மெயில் போகும். அத்தோடு விடுவானா ஹரி? டீமோடு மாமல்லபுரம் போனபோது, கருங்கல்லில் செதுக்கிய கழுதை ஒன்றை வாங்கி வந்தான். உடைத்தவர் மேஜையில் அது ஒரு வாரம் உட்காரும். மூன்று வருஷத்தில் தன் மேஜைக்கு அது ஒரு நாள்கூட வந்ததில்லை என்பதில் அவனுக்கு அலாதிப் பெருமை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவான்.

நேற்று மார்கரெட் லீவு. தங்கைக்கு நிச்சயதார்த்தம். பார்த்துப் பார்த்து நேற்றுதான் பில்ட் உடைந்தது. யாருக்கும் மெயில் வரவில்லை. கஸ்டமருக்குப் போக வேண்டியது போகவில்லை. மேனேஜர் ஹரியைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

செட்டிங்ஸைக் குடைந்தவன் கண்ணில் ஒரு வேரியபிள், அதாவது எந்த மெஷினுக்கும் பொருந்தும்படி நேரடி அட்ரஸுக்குப் பதிலாக வைக்கும் பொதுப்பெயர், பட்டது. அது காட்டும் பட்டியலில் பெயர் இருப்பவர் உடைத்தால், மெயில் மார்கரெட்டுக்கு மட்டும் போகும்! பட்டியலோ அவள் மெஷினில், பாஸ்வேர்டுக்குள் இருந்தது.

காலையில் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளை, பையை வைக்கக்கூட விடாமல் பிடித்துக்கொண்டான்.

“இது இன்னா வேலை மார்கரெட்?”

அவள் மறைக்கவில்லை. “நான் போட்டதுதான். புதுசா வர்றவங்க பயந்துப்பாங்கன்னு போட்டேன். மெயில் எனக்கு வரும். கூப்ட்டுச் சொல்வேன், திருத்திப்பாங்க. கத்துக்கினதும் பேரை எடுத்துருவேன்.”

“அப்ப நேத்து உடைச்சது பொன்னிதானே?”

பொன்னி சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அவளுக்கும் மார்கரெட்டுக்கும் ஊர் சிங்கப்பெருமாள் கோயில். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். வேறென்ன சாட்சி வேண்டும்?

“ஊர்ப்பாசம்! பட்டியலைத் தொறங்க.”

“வேணாம் ஹரி. அந்த வரியவே எடுத்துர்றேன். லீவுல மெயில் பாக்காதது என் தப்பு. மேனேஜர்கிட்ட என் பேரையே சொல்லிக்குங்க.”

“அப்பப் பொன்னிதான்.”

“இல்லீங்க. வுட்டுடுங்களேன்.”

ஹரி விடுகிற ஆளா? கல் கழுதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொன்னியின் மேஜையில் டொக்கென்று வைத்தான்.

“பட்டியலைத் தொறக்கற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்.”

பொன்னி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். கண் கலங்கிவிட்டது. ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

மார்கரெட் அவளைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. போய் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். மற்றவர்களுக்குத் தெரியாதபடி மானிட்டரை ஹரியின் பக்கம் மட்டும் திருப்பினாள்.

“பொன்னி பேரை ரெண்டாவது மாசமே எடுத்துட்டேன்” என்றாள், குரலைத் தாழ்த்தி. “செட்டிங்ஸ்ல அவ மெஷின் அட்ரஸையே எழுதி வச்சிருந்தா. அங்க வேரியபிள் போடணும்மான்னு ஒரு வாட்டிதான் சொன்னேன், புரிஞ்சிக்கினா.”

பிறகு திரையைக் காட்டினாள். “இவர்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். ‘என் மெஷின்ல ஓடுதே, உங்க மெஷின்தான் தப்பு’ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. அதான் இத்தினி வருஷமா நானே திருத்திக்கினு இருக்கேன். நேத்தும் அதேதான், தன் மெஷினோட டி டிரைவ் அட்ரஸையே எழுதி வச்சிட்டாரு. லினக்ஸ்லயும் மேக்லயும் டி டிரைவ் ஏது? இதோ மெயில்.”

பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சேர்த்த தேதி 2003 ஜூன். ஹரிகிருஷ்ணன் வேலைக்குச் சேர்ந்த வாரம்.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் மெஷினுக்குப் போய் அந்தப் புகாரை அழித்தான். பிறகு பொன்னியின் மேஜைக்கு வந்து, கழுதையை இரண்டு கையாலும் தூக்கினான்.

“மன்னிச்சுக்கம்மா பொன்னி.”

“எங்க சார் எடுத்துனு போறீங்க?”

“அதோட வூட்டுக்கு” என்றான் ஹரி. “மூணு வருஷமா வழி தெரியாம ஊரெல்லாம் சுத்திக்கினு இருந்துச்சு.”