செத்தவளின் இலை

மட்டக்களப்பின் பழுகாமத்து வீட்டில் இருந்தவர்கள் சீனித்தம்பியும் மனைவி கண்ணகையும் மட்டுமே. மகள் இராசாத்தி சாதி மாறிக் கலியாணம் செய்தபோது, குடும்ப மானத்துக்காக அவள் செத்துவிட்டதாக ஊருக்குச் சொன்னவர் சீனித்தம்பி. ஆண்டுதோறும், கண்ணகை சமைத்த செல்வன் என்னும் மீனின் கறியோடு திவசப் படையல் வைத்து அறையைப் பூட்டுவார். பிறகு திறந்தால் இலை வைத்தபடியே இருக்கும்.

2019இல் அதே திவச நாளில் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது.

“அப்பா, செத்தவள் கதைக்கிறன். எனக்குப் புத்துநோய். என்ட ரத்த அணுக்களை எடுத்து, நோயை அடையாளம் கண்டு கொல்லுற மாதிரி மாத்தி, இண்டைக்குத் திருப்பி ஏத்தினவங்க. ஒரு கிழமையாச் சோறு இறங்கல்ல. இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு. வாயில அம்மாட செல்வன் மீன்கறி மணக்குது.”

சீனித்தம்பி மடியிலிருந்த சாவியை எடுத்து, காலையில் படைத்துப் பூட்டிய அறையின் கதவைத் திறந்தார். இலையில் மீன்முள் மட்டும் கிடந்தது.

இராசாத்தி செத்துவிட்டாள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது சீனித்தம்பி சொன்ன பொய்.