காற்று மெத்தை

அப்பா படுத்த படுக்கையாகிவிட்டபோது மகன்தான் அந்தக் காற்று மெத்தையை வாங்கிப் போட்டான். எந்தப் பக்கம் பாரம் அதிகம் என்று தானே உணர்ந்து, காற்றைக் கூட்டிக் குறைத்து, ஆளை மெல்லப் புரட்டிவிடும். முதுகில் புண் வராது. அது வந்த பிறகு அவன் அப்பாவைத் தொட்டதே இல்லை. சாப்பாட்டை வைப்பதோடு சரி.

அப்பா போய்ச் சேர்ந்த மறுவாரமும் மெத்தை புரட்டிக்கொண்டே இருந்தது.

பார்க்க வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஆள் படுத்தாத்தான் சார் இது ஓடும். வெறும் மெத்தைன்னா பம்ப் தானா நின்னுடும்."

"அப்போ ஏன் ஓடுது?"

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. வீட்ல யாராவது படுக்கிறாங்களான்னு கேட்டுப் பாருங்க."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கேட்பதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் கட்டிலருகே போய் நின்றான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சமாக இருந்தது. ஜன்னலைச் சாத்தினான். எத்தனையோ முறை கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டான்.

"அப்பா, திரும்பிப் படுக்கணுமா? நான் பிடிச்சுக்கவா?"

பம்ப் நின்றது. தலையணையில் விழுந்திருந்த பள்ளம் மெல்ல நகர்ந்து, சுவர்ப் பக்கமாய் ஒதுங்கிக்கொண்டது.