இருநூற்றுப் பதினான்கு பூச்சிகள்

பெட்டியை மாடிக்கு ஏற்றக்கூட இல்லை. பல் டாக்டரின் மனைவி நேராக க்ளினிக்குக்குள் வந்து ஜன்னலோரத் தொட்டியின் முன் நின்றுவிட்டாள்.

தொட்டியில் அத்தி மரம். இருபது வயசாகியும் ஒரு முழம் தாண்டாத போன்சாய். உச்சி முதல் அடி வரை ஓர் இலை கிடையாது.

"ஆறு வாரமாச்சு. ஒரு துளிர்கூட வரலையாங்க?" என்றாள்.

டாக்டர் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியை விரலால் உருட்டிக்கொண்டார். அவசரப்படக் கூடாது. கெட்ட செய்தியை அவளே பார்த்தாகிவிட்டது. நல்ல செய்தி பாக்கெட்டில் இருக்கிறது.

இலைகளை எடுத்தது அவரில்லை, அவளேதான். மகளின் பிரசவத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள். பழைய இலை போனால் மூன்று வாரத்தில் புது இலை சின்னதாக, அழகாக வரும் என்றாள். அதுவரை பூச்சி மட்டும் அண்டக்கூடாது என்றாள். சொல்லிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பார்வைக்குக் காரணம் இருந்தது. இதோடு கூட வளர்த்த இன்னொரு மரத்தில் நாலு எறும்பைக் கண்டதும் மனுஷன் கரப்பான் மருந்தை எடுத்து அடித்துவிட்டார். எறும்பு போயிற்று. ஒரு வாரத்தில் மரமும் போயிற்று. பதினோரு நாள் அவள் பேசவில்லை. அவர் என்ன கேட்டாலும் தட்டை மேஜையில் வைக்கும் சத்தம்தான் பதில். இன்னொரு பதினோரு நாளைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

அதனால் இந்த முறை மருந்துப் பக்கமே போகவில்லை.

சரியாக இரண்டு வாரம் கழித்துப் பூச்சி வந்தது. குச்சிகளில் முண்டு முண்டாக, கடுகளவில், பழுப்பாக, மேலே ஓடு போட்டுக்கொண்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்கு போன் போட்டு விவரம் சொன்னார். அங்கே பேத்தி வீறிட்டுக்கொண்டிருந்தாள். செதில் பூச்சியாக இருக்கும், ஒன்று விடாமல் சுரண்டி எடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சுரண்டுவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷமாகச் சோறு போடுகிற தொழிலே அதுதான்.

தினம் காலையில், முதல் ஆள் வருவதற்கு முன்பு, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு மரத்தெதிரில் உட்காருவார். வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியைக் கிளைக்கடியில் நீட்டுவார். பல்லில் காரை எடுக்கும் கொக்கியால் நோகாமல் நெம்புவார். பட்டையில் ஒரு கீறல் விழாது. இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல பல்லைத் தவறிப் பிடுங்கியதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிற கை அது.

பூச்சியும் லேசுப்பட்டதில்லை. இன்றைக்கு எடுத்தால் நாலு நாளில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அதுவும் கண்ட இடத்தில் வராது. இலைக்காம்பு இருந்த தழும்புக்கு நேர் மேலே, ஒவ்வொரு தடவையும் அங்கேதான். காயம் பட்ட இடமாகப் பார்த்துக் குடியேறுகிற அதன் மூளையை டாக்டர் மெச்சிக்கொண்டார். சொத்தையும் அப்படித்தான், பல்லிடுக்காகப் பார்த்துத்தான் பிடிக்கும்.

எடுத்ததையெல்லாம் குப்பியில் போட்டு வைத்தார். நேற்றோடு இருநூற்றுப் பதினான்கு. தேதி போட்டு, 'செதில் பூச்சி' என்று லேபிளும் ஒட்டியாயிற்று. கையில் கொடுத்தால் அவளுக்குக் கண் கலங்கிவிடும் என்று நினைத்திருந்தார்.

"துளிர் இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். பூச்சின்னு ஒண்ணு இருக்கா பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். உச்சிக் கிளையில் பார்வை நின்றது. அங்கே ஒரு குச்சியின் நுனிக்கு, கட்டுப்போடும் வலைத்துணியில் குல்லாய் தைத்து மாட்டி, பல்லிடுக்கில் விடும் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அது உனக்காக வெச்சது. எல்லாத்தையும் எடுத்துட்டா நான் கதை விடறேன்னு சொல்லுவே. அதான் ஒண்ணை மட்டும் உயிரோட விட்டு வெச்சேன். பத்து நாளா திறக்கவே இல்ல, பரவிடுமில்ல."

கொக்கியால் நூலை அறுத்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குல்லாயைத் தூக்கினார்.

அந்த முகத்தில் அவர் காத்திருந்தது வரவில்லை. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று பிடிபடவில்லை. மெல்லத் திரும்பி அவரும் பார்த்தார்.

பூச்சி இரண்டு இலை விட்டிருந்தது.

வெளிறிய பச்சை, நகத்தளவு. பழுப்பு ஓடு கழன்று அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நெற்றி விளக்கு இல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது.

அவள் ஒரு விரலால் இலையைத் தொட்டாள். பிறகு மற்றக் கிளைகளை மேலிருந்து கீழ் வரை, தழும்பு தழும்பாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடிக்கிளைக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"மத்ததெல்லாம் எங்கங்க?" என்றாள், ரொம்ப மெதுவாக.

பாக்கெட்டுக்குள் அவருடைய கட்டைவிரல் நகம் குப்பியின் லேபிளைச் சுரண்ட ஆரம்பித்திருந்தது.