நிலைமையில் மாற்றம் உண்டா?

கீர்த்தனன் தனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு யசோதினியை இருக்கச் சொன்னான்.

அவன் மனைவி நிரஞ்சலா எதிரே இருந்தாள்.

பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை, கடைசி மேசை. மடிக்கணினியில், குடும்பங்களுக்கு அரச உதவிப்பணம் கொடுக்கும் காஃப் அலுவலகத்தின் பக்கம் திறந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமானத்தைப் பதியாவிட்டால் உதவிப்பணம் நின்றுவிடும். இன்றுதான் கடைசி நாள்.

யசோதினி தனியாகப் பிள்ளையை வளர்க்கிறவள். பிரெஞ்சு வாசிக்க வராது. இரண்டு வருடமாகக் கீர்த்தனன்தான் அவளுக்குப் பதிந்து கொடுக்கிறான்.

அந்த இரண்டு வருடமும் நிரஞ்சலாவுக்கு நெஞ்சுக்குள் புகைந்தபடியே இருந்தது. நேற்று யசோதினியே தொலைபேசி எடுத்து, நீங்களும் வாங்கோ அக்கா என்று கூப்பிட்டபோது அது பற்றிக்கொண்டது. எவ்வளவு துணிச்சல்!

யசோதினியின் கடவுச்சொல்லை அவளிடம் கேட்காமலே அவன் தட்டினான்.

நிரஞ்சலாவின் பிறந்தநாளை மகள்தான் அவனுக்குச் சொல்லவேண்டும்.

யசோதினி சம்பளத் துண்டை நீட்டும்போது இருவர் கையும் படுகிறதா என்று பார்த்தாள். படவில்லை. யசோதினி கவனமாகத் தள்ளித்தான் இருந்தாள். அந்தக் கவனமும் நிரஞ்சலாவுக்குப் பிடிக்கவில்லை.

குடும்ப நிலைமையில் மாற்றம் உண்டா என்று திரை கேட்டது. 'வீ' என்றால் ஆம், 'நோன்' என்றால் இல்லை. கீர்த்தனன் சுட்டியை 'நோன்' பக்கம் கொண்டுபோனான்.

"அண்ணை, இந்தமுறை எண்டாலும் 'வீ' போடுங்கோ. நானும் லவனும் ஒண்டா இருக்கிறம் எண்டு எழுதுங்கோ."

லவன், அவள் வேலை செய்யும் உணவகத்தில் சமையல்காரன்.

நிரஞ்சலாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தவள் கணவனின் கையைப் பார்த்தாள்.

அது அசையவில்லை.

"அவசரப்படாதையும். காசைக் குறைச்சுப்போடுவாங்கள். அடுத்தமுறை பாப்பம்."

கண் திரையில் இருந்தது. ஆனால் அவன் எதையும் வாசிக்கவில்லை.

யசோதினி நிரஞ்சலாவைப் பார்த்தாள்.

நிரஞ்சலா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவளுக்கு அந்தளவு பிரெஞ்சு தெரியும். 'வீ' என்பதை அழுத்தினாள். லவனின் முழுப்பெயரைக் கேட்டு எழுதினாள். எப்போதிருந்து என்று கேட்டாள்.

"தை மாதம், அக்கா."

இப்போது ஆனி. நிரஞ்சலா அதையும் எழுதி அனுப்பினாள். கீர்த்தனன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தான். குடிக்காமல் வைத்தான்.

யசோதினி எழுந்தபோது நிரஞ்சலாவும் எழுந்து வாசல்வரை போனாள். யசோதினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"போனமுறையும் சொன்னனான் அக்கா. அடுத்தமுறை பாப்பம் எண்டுதான் அப்பவும் சொன்னவர். பொய் எழுதி மாட்டுப்பட்டால் எனக்கும் பிள்ளைக்கும் ஆர் இருக்கினம்? அதுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

நிரஞ்சலா கண்ணாடிக்குள்ளால் திரும்பிப் பார்த்தாள். கீர்த்தனன் தலையைக் குனிந்தபடி அப்படியே இருந்தான்.

அவள் உள்ளே போகவில்லை.

யசோதினியின் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ரோப் பக்கம் நடந்தாள்.