பிரஹோக் சேர்க்காமல்

அவள் தட்டை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

பீட்சாவில் ஒரு துண்டின் நுனி மட்டும் குறைந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

ஐந்து நாட்களாக இதே சொல்தான். பிரெஞ்சு ரொட்டி நல்லாத்தான் இருந்தது. இத்தாலிய சேமியா நல்லாத்தான் இருந்தது. வாழையிலைத் தொன்னையில் வைத்து அவித்த கெமர் மீன்கூட நல்லாத்தான் இருந்தது. எதுவும் அவளுக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

நாளைக் காலை அவளுக்கு விமானம்.

கெமர் நாட்டின் சியாம் ரீப் நகரத்தில், சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் ஓர் இந்திய உணவகத்தில் அவன் நான்கு ஆண்டுகளாகச் சமையற்காரன். ஒரு வாரம் வந்து பார், ஊரும் சோறும் ஒத்துக்கொண்டால் என்னோடு இங்கேயே இருந்துவிடு, ஒத்துக்கொள்ளாவிட்டால் இரு என்று நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்லித்தான் மனைவியை வரவழைத்திருந்தான்.

கேட்கவே மாட்டேன் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து நாட்களாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தான்.

வெளியே வந்தார்கள்.

மதிய வெயில். சந்தையின் பின்வாசல் வழியாக ஒரு புகை தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் நின்றாள்.

மூச்சை நீளமாக உள்ளே இழுத்தாள்.

அது எதன் புகை என்று அவனுக்குத் தெரியும். பிரஹோக். உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்த மீன் விழுது. அது இல்லாமல் இந்த ஊர் வீடுகளில் சோறு இறங்காது. அவனுடைய வாடிக்கையாளர்களோ இந்த வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

"இந்தப் பக்கம் வேணாம். நாறும்," என்றான்.

அதற்குள் அவள் உள்ளே போயிருந்தாள்.

வாழையிலைப் பொட்டலங்கள் தணலின் மீது வரிசையாக வெந்துகொண்டிருந்தன. பூப்போட்ட சட்டையும் அதே துணியில் கால்சட்டையும் அணிந்த ஒரு பெண் ஓலை விசிறியால் கனலை விசிறிக்கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு நெகிழி முக்காலிகள்.

மனைவி ஒன்றில் உட்கார்ந்தாள்.

அவன் வழக்கம்போலக் குனிந்து, வழக்கம்போலக் குரலைத் தணித்து, கெமர் மொழியில் கேட்டான். இரண்டு பேருக்கு. பிரஹோக் சேர்க்காமல்.

விசிறி நின்றது.

"அது இல்லாமலா?" என்றாள் கடைக்காரி. "சோறு இருக்கு. தண்ணி இருக்கு. நீ உட்கார முக்காலி இருக்கு. வேற ஒண்ணும் இல்லையே, தம்பி."

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள்.

"ஏன் சிரிக்கிறாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

இனி மறைக்க வழியில்லை. அவன் சொன்னான்.

"எங்கெல்லாம் இப்படிச் சொன்னீங்க?"

"இந்த ஊர்ச் சோறு சாப்பிட்ட எடத்துல எல்லாம்."

"எனக்கு அது ஆகாதுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

அவள் மண்டபம் கடற்கரையில் பிறந்தவள். மணமாகிச் சிவகங்கைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவனுடைய அம்மா அந்தச் சட்டியை அப்படியே கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்தார். அன்று அவன் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டில் கருவாடு வேகவில்லை. அவளும் கேட்டதில்லை.

அவள் கேட்காத ஒன்றை அவளுக்குப் பிடிக்காத ஒன்று என்று அவன் எண்ணிக்கொண்டான். அந்த எண்ணம் அவனுக்கு வசதியாக இருந்தது.

"மன்னிச்சுக்க," என்றான்.

அவள் கடைக்காரியை நோக்கி இரண்டு விரல்களைக் காட்டினாள்.

பொட்டலம் வந்தது. பிரித்தாள். கரண்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, சூட்டோடு விரலால் கிள்ளிச் சோற்றில் பிசைந்தாள்.

முதல் கவளம்.

அவன் தன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

இரண்டாவது.

கடைக்காரி கால் பங்காக நறுக்கிய ஒரு பச்சைக் கத்தரிக்காயை எடுத்து நீட்டி, இதைக் கடித்துக்கொள் என்று சைகை காட்டினாள். வேகாத கத்தரிக்காயை அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு கடித்தாள். பொட்டலத்தின் காரத்தில் மூக்கில் நீர் கோத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். சோறு வந்தது.

"எங்க கருவாட்டவிட இதுல புளிப்புத் தூக்கல்," என்றாள். "உப்புப் பரவால்ல."

ஐந்து நாட்களில் ஒரு சாப்பாட்டில் அவள் குறை கண்டுபிடித்தது இதுதான் முதல் முறை.

அவன் குனிந்து தன் இலையைப் பிரித்தான். கண்ணில் புகை பட்டது போலிருந்தது. புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க."

"ம்."

"நாளன்னைக்கு என்ன வைப்பாங்கன்னு இவங்ககிட்டக் கேளுங்க."

அவன் நிமிர்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இலையின் மடிப்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

அவன் கேட்டான்.

"இதேதான்," என்றாள் கடைக்காரி. "வேற என்ன வைக்கப்போறேன்?"

அவன் எழுந்து நின்று கைகூப்பினான்.

அந்த நாட்டில் கைகூப்புவதற்கு அளவு உண்டு. ஒத்தவருக்கு நெஞ்சளவு. மூத்தவருக்கு வாயளவு. பிட்சுக்களுக்குப் புருவம் வரை. நெற்றிக்கு உயர்ந்தால் அது தெய்வத்துக்கு. நான்கு ஆண்டுகளில் அவன் அந்த அளவை ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

கைகள் நெற்றியைத் தாண்டிப் போயின.

கடைக்காரி திடுக்கிட்டு, தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.